ஒட்டகத்தின் உடைந்த தாடை

1890-ஆம் ஆண்டு சென்னையில் ஒரு புத்தகம் அச்சாகியிருக்கிறது. பொருள்: ஒட்டகத்துக்கு வரும் நோய்கள், ஒட்டகத்தைப் பராமரிக்கும் முறை. எழுதியவர் ஜான் ஹென்றி ஸ்டீல். அச்சிட்டது மவுண்ட் ரோட்டில் இருந்த லாரன்ஸ் அசைலம் பிரஸ்.

பழைய மதராஸ் அச்சகங்களின் புத்தகங்களை ஸ்கேன் பிரதியாகத் தேடிச் சேர்ப்பது எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பழக்கம். இந்தத் தலைப்பைப் பார்த்ததும் வந்த முதல் கேள்வி, மதராஸுக்கும் ஒட்டகத்துக்கும் என்ன சம்பந்தம்? நான் இருப்பது ஆதம்பாக்கம். பக்கத்தில் பரங்கிமலை. மதராஸ் ராணுவத்தின் பீரங்கிப் படைக்கு அதுதான் தலைமையிடம். அந்தப் பீரங்கிகளை இழுத்தவை மாடுகள். ஒட்டகம் இந்தப் பக்கத்து விலங்கே இல்லை. அப்புறம் எதற்கு இங்கே ஒட்டகப் புத்தகம்?

அச்சகத்தின் கதை சுருக்கமாக: 1789-இல் எழும்பூரில் ஐரோப்பியச் சிப்பாய்களின் அநாதைப் பிள்ளைகளுக்காக ஓர் ஆசிரமம் தொடங்கினார்கள். மூத்த மாணவன் இளைய மாணவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையை ஆண்ட்ரூ பெல் உலகத்துக்கு எடுத்துக்கொண்டு போனது இங்கிருந்துதான். அந்தப் பையன்களுக்குத் தொழில் கற்றுத்தர வந்ததுதான் அச்சகம். பின்னாளில் ஆசிரமம் ஊட்டி லவ்டேலில் இருந்த லாரன்ஸ் அசைலத்தோடு இணைந்து மலையேறிவிட்டது. அச்சகம் மட்டும் மவுண்ட் ரோட்டில் தங்கி, வருடாவருடம் பஞ்சாங்கம் மாதிரி ஒரு டைரக்டரியும் நிறைய அரசு, ராணுவப் புத்தகங்களும் போட்டுக்கொண்டிருந்தது. ஸ்டீலுக்கு இது பழகிய இடம். யானை நோய்களைப் பற்றிய அவருடைய புத்தகமும் 1885-இல் இதே அச்சகத்தில்தான் வந்தது.

ஸ்டீல் ராணுவக் கால்நடை மருத்துவர். 1886-இல் பம்பாய் கால்நடைக் கல்லூரி தொடங்கியபோது அதன் முதல் முதல்வர். ஒட்டகப் புத்தகம் வந்த அடுத்த வருடமே, நாற்பது வயதைத் தொடாமல் இறந்துபோனார். அவர் பெயரில் பிரிட்டிஷ் கால்நடை மருத்துவர்கள் ஒரு பதக்கம் ஏற்படுத்தினார்கள்.

இந்தப் பதிவு ஸ்டீலைப் பற்றியது இல்லை. அவர் புத்தகத்திலிருந்து பிடித்துக்கொண்டு போன ஒரு நூல் என்னைக் கடைசியில் ஒட்டகத்தின் வாய்க்குள் கொண்டுபோய் விட்டது. அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். ஒட்டகம் 'இந்தப் பக்கத்து விலங்கே இல்லை' என்பது முழு உண்மை இல்லை. தொல்காப்பிய மரபியல் ஒட்டகத்தின் பெண்ணைக் குதிரை, கழுதையோடு சேர்த்துப் 'பெட்டை' என்று சொல்ல அனுமதிக்கிறது. பார்க்காத விலங்குக்கு யாரும் இலக்கணம் எழுத மாட்டார்கள். சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினக் கடற்கரையில் ஒதுங்கிய பெரிய மரக்கட்டைகள் தூங்கும் ஒட்டகங்கள் போலக் கிடக்கின்றன. எயிற்பட்டினம் என்பது மரக்காணம் பக்கம் என்று சொல்வார்கள், ஈசிஆரில் இரண்டு இரண்டரை மணி நேரம். படுத்திருக்கும் ஒட்டகத்தை நேரில் பார்த்தவனுக்குத்தான் அந்த உவமை வரும் என்பது என் கட்சி.

அகநானூறு 245-ஆம் பாட்டு இன்னும் சுவாரசியம். மதுரை மருதன் இளநாகனார் பாடியது. பாலை நிலத்தில் காய்ந்து கிடக்கும் வெள்ளை எலும்பைத் தின்று ஓர் ஒட்டகம் பசியாறுகிறது. இலை தழை தின்னும் விலங்கு எலும்பைத் தின்னுமா? புலவர் சும்மா அடித்துவிட்டார் என்று தோன்றும். தோன்ற வேண்டாம். வறண்ட நிலத்துத் தீவனத்தில் பாஸ்பரஸ் குறைந்தால் ஒட்டகம், மாடு எல்லாமே எலும்பு கடிக்கும். கால்நடை மருத்துவத்தில் இது பாடப்புத்தகச் செய்தி. கடித்த எலும்புத் துண்டு கடைவாய்ப் பற்களுக்கு நடுவே குறுக்காகச் சிக்கிக்கொள்வதும், ஒட்டகம் வாயை மூட முடியாமல் எச்சில் ஒழுக நிற்பதும் ஒட்டக வைத்தியர்களுக்குத் தெரிந்த விஷயம். பாஸ்பரஸ் என்ற ஒன்று இருப்பதே தெரியாத காலத்தில் இளநாகனார் அதன் குறைபாட்டை எழுதி வைத்துவிட்டார்.

எலும்பையும் கடிக்கும் வாய் என்றால் அது எப்படிப்பட்ட வாய்?

வளர்ந்த ஒட்டகத்துக்கு 34 பல். கீழே முன்னால் ஆறு வெட்டுப்பல். மேலே முன்னால் மாட்டைப் போலவே வெறும் கெட்டியான ஈறு. ஆனால் மாட்டிடம் இல்லாத ஒன்று ஒட்டகத்திடம் உண்டு. மேல்வாயின் ஓரத்தில் வெட்டுப்பல் ஒன்று, கோரைப்பல் ஒன்று, முன்கடைவாய்ப்பல் ஒன்று, மூன்றுமே கோரைப்பல் போலக் கூராக வளரும். கீழே கோரைப்பல் ஒன்று, அதற்குப் பின்னால் தனியாக நிற்கும் முன்கடைவாய்ப்பல் ஒன்று. இரண்டு பக்கமும் சேர்த்து எண்ணினால் பத்துக் கோரை. சைவப் பிராணிக்கு இது கொஞ்சம் அதிகம்தான். கன்னத்தின் உட்பக்கம் முழுக்கக் கூம்பு கூம்பாகத் தோல் முளைகள். கருவேல முள்ளை அப்படியே மென்று உள்ளே தள்ள அதுதான் உதவுகிறது. மேலுதடு நடுவில் பிளந்திருக்கும், விரல் மாதிரி இலையைப் பிடித்து இழுக்க. ஏழு எட்டு வயதில்தான் எல்லாப் பல்லும் விழுந்து முளைத்து முடியும். அதனால்தான் சந்தையில் வாங்குகிறவர் முதலில் உதட்டை விலக்கிப் பார்ப்பார். நம் ஊர் மாட்டுச் சந்தையில் பல் பார்ப்பது மாதிரியே.

இவ்வளவு பலமான வாயில் ஓர் இடம் பலவீனம். கீழ்த்தாடை நீளமானது, ஒல்லியானது. கீழே தனியாக நிற்கிறது என்றேனே அந்த முன்கடைவாய்ப்பல், அதன் வேர் ஆழமாக இறங்கி அந்த ஒல்லி எலும்பில் பாதி இடத்தை எடுத்துக்கொள்கிறது. அதற்கு முன்னும் பின்னும் பல் இல்லாத வெற்றிடம். மரப்பலகையில் ஆணி அடித்த இடத்தில்தான் பலகை பிளக்கும். இங்கேயும் அதே கதை. தாடை உடைந்தால் பெரும்பாலும் அந்தப் பல்லின் மட்டத்தில்தான் உடையும், பல சமயம் இரண்டு பக்கமும் சேர்ந்து. அப்போது முன்பக்க ஆறு பல்லும் அதைத் தாங்கும் எலும்பும் தோலில் தொங்கும்.

எப்படி உடைகிறது? கீழே விழுந்து, வண்டி மோதி, உதை வாங்கி. முக்கியக் காரணம் இன்னோர் ஒட்டகம். குளிர்காலம் ஆண் ஒட்டகத்துக்கு மதக் காலம். பிடரியில் சுரப்பி ஒழுகும், பல்லைக் கடிக்கும், தின்னாது. அப்போது மென்அண்ணத்தின் ஒரு பகுதி காற்றால் உப்பி, சிவப்புப் பலூன் மாதிரி வாயோரமாக வெளியே தொங்கும். அரபியில் துல்லா என்பார்கள். முதல்முறை பார்ப்பவர் நாக்கு வெளியே வந்துவிட்டது என்றுதான் நினைப்பார். அந்தப் பலூனையே தன் பல்லில் கடித்துக் கிழித்துக்கொள்ளும் ஒட்டகங்களும் உண்டு. அது வீங்கி, மணலும் தீவனமும் அடைத்து, உள்ளே திரும்பிப் போகாமல் மூச்சுக்கே இடைஞ்சல் ஆனால் வெட்டி எடுப்பதைத் தவிர வழியில்லை. ஒட்டக வாய் அறுவைகளில் இது ஒரு முக்கியமான வகை. இந்த மதத்தில் இரண்டு ஆண்கள் மோதினால் கழுத்தால் அழுத்தும், காலைக் கடிக்கும், தாடையையும் கடிக்கும். பத்துக் கோரைகளின் வேலை இப்போது புரிந்திருக்கும்.

தாடை உடைந்த ஒட்டகம் எலும்பு முறிவால் சாகாது. பட்டினியால் சாகும். தழையைப் பிடிக்க முடியாது, பிடித்ததை மெல்ல முடியாது, மென்றதை மறுபடி கொண்டுவந்து அசைபோட முடியாது. வாய்க்குள் ஈறு கிழிந்து எலும்பு வெளியே தெரிவதால் சீழும் பிடிக்கும்.

இப்போது ஸ்டீல் காலத்துக்குத் திரும்புவோம். பிரிட்டிஷ் இந்தியாவில் ஒட்டகத்தைப் பற்றி ஏன் திடீரென்று இத்தனை புத்தகங்கள்? இரண்டாம் ஆப்கன் போர். 1878 முதல் 1880 வரையிலான அந்தப் போரில் சுமை தூக்கப் போன ஒட்டகங்களில் 60,000-க்கு மேல் செத்தன என்பது கணக்கு. குண்டடி பட்டு இல்லை. பசி, குளிர், அதிகச் சுமை, சொறி, சர்ரா. சமவெளி ஒட்டகத்தை மலைக் குளிரில் ஏற்றி, தீவனம் இல்லாமல் நடக்கவிட்டார்கள். 1880-இல் தேரா இஸ்மாயில் கானில் கிரிஃபித் எவன்ஸ், சர்ரா கண்ட குதிரை, ஒட்டகங்களின் ரத்தத்தில் நெளியும் ஒட்டுண்ணியைக் கண்டுபிடித்தார். ஐந்து வருடம் கழித்து பர்மாவில் கோவேறு கழுதைகளிடம் அதையே பார்த்து, எவன்ஸின் பெயரைச் சேர்த்து அதற்குப் பெயர் வைத்தவர் நம் ஸ்டீல். டிரிப்பனோசோமா எவன்சி என்று இன்றைக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஆக, மதராஸில் அச்சானாலும் அந்தப் புத்தகம் நோக்கியது வடமேற்கு எல்லையை. அதன் பின் 1917-இல் பஞ்சாப் அரசின் ஒட்டக நிபுணர் எச். இ. கிராஸ் ஒன்று எழுதினார். 1927-இல் ஆர்னால்ட் லீஸ் எழுதிய பெரிய நூல் பல பத்தாண்டுகளுக்கு ஒட்டக மருத்துவத்தின் வேதம் மாதிரி இருந்தது. லீஸ் பற்றி ஒரு வரி சொல்லாமல் போக முடியாது. 1907-இல் இந்தியா வந்து ஒட்டக நோய் படித்தவர். ஒட்டகக் கண்ணில் வாழும் ஒரு புழுவுக்கு அவர் பெயர் உண்டு. ஊர் திரும்பிப் பிரிட்டனின் மிகக் கொடிய யூத வெறுப்பு பாசிஸ்டுகளில் ஒருவராக மாறி, 1936-இல் அதற்காகச் சிறைக்கும் போனார். தன் சுயசரிதையில் தன்னையே 'யூத எதிர்ப்பு ஒட்டக வைத்தியர்' என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார். ஒட்டகத்திடம் அத்தனை பொறுமையாக இருந்த மனிதர் மனிதர்களிடம் அப்படி இருந்தார். இதற்கு எந்த விளக்கமும் எனக்குத் திருப்தி தரவில்லை. அவர் ஒட்டகக் குறிப்புகள் பயன்படுகின்றன, பயன்படுத்துகிறார்கள், அவ்வளவுதான்.

இந்தக் காலனியக் கால ஒட்டக மருத்துவத்தின் கனம் எல்லாம் சர்ரா, சொறி பக்கம்தான். தாடை முறிவு அதில் ஓரத்து விஷயம். ராணுவக் கணக்கில் யோசித்தால் நியாயம்தான். ஆயிரம் ஒட்டகம் வைத்திருக்கும் போக்குவரத்துப் படைக்கு ஒரு தாடை உடைந்தால் என்ன நஷ்டம்? சுட்டுவிட்டு அடுத்ததை வாங்கலாம். ஆயிரத்தையும் ஒரே மாதத்தில் கொல்லும் நோய்தான் அவர்களுக்குப் பயம். சாப்ட்வேரில் இருப்பவர்களுக்கு இது புரியும். பத்தாயிரம் சர்வர் வைத்திருக்கும் கம்பெனி கெட்டுப்போன ஒரு டிஸ்க்கை ரிப்பேர் செய்யாது, தூக்கிப் போட்டுவிட்டு மாற்றும். ஒரே ஒரு லேப்டாப் வைத்திருப்பவன்தான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து உட்காருவான்.

ஒட்டகத்தின் தாடையை உட்கார்ந்து ஒட்டவைக்கும் வைத்தியம் வளர்ந்தது, ஒரே ஒட்டகம் வைத்திருந்தவர்களின் ஊரில். பீகானேரில்.

பீகானேர் அரசரின் கங்கா ரிசாலா என்ற ஒட்டகப் படை 1915-இல் சூயஸ் கால்வாய் வரை போய்ச் சண்டை போட்டது. சுதந்திரத்துக்குப் பின் அந்த ஊரின் ஒட்டகம் வண்டி ஒட்டகம். விமானங்களிலிருந்து கழித்துப் போட்ட ரப்பர் டயர்களை மாட்டிய தட்டையான வண்டி, ஒரு டன்னுக்கு மேல் சுமை, அதை இழுக்க ஒரே ஓர் ஆண் ஒட்டகம். செங்கல், தீவனம், தண்ணீர், மரம் எல்லாம் அதில்தான். வண்டிக்காரர் வீட்டு அடுப்பு எரிவது அந்த ஒரு விலங்கின் தாடையை நம்பி. 1954-இல் பீகானேரில் கால்நடை மருத்துவக் கல்லூரி வந்தது. 1984-இல் ஒட்டகத்துக்கென்றே மத்திய அரசின் ஆராய்ச்சி மையமும் அங்கே வந்தது. கல்லூரியின் அறுவை மருத்துவர் டி. கே. கலோட் 1994-இல் ஒட்டக மருத்துவத்துக்காக மட்டும் ஓர் ஆய்விதழ் தொடங்கினார். தாடை முறிவு, துல்லா, மூக்குக் கிழிவு எல்லாம் அந்த உலகில் ஓரத்து விஷயம் இல்லை, அன்றாட வேலை.

வைத்தியம் என்ன? கேட்டால் சிரிப்பீர்கள். கம்பி கட்டுவது.

ஒட்டகத்தை உட்காரவைத்து, மடக்கிய முன்னங்கால்களைக் கயிற்றால் கட்டுகிறார்கள். சைலசீன் ஊசி போட்டால் தலை தொங்கி மயங்கி நிற்கும். 1962-இல் ஜெர்மனியின் பேயர் கம்பெனி உருவாக்கிய மருந்து அது. அதற்கு முன்னால் கயிறும் ஆள்பலமும்தான் பெரும்பாலும் மயக்க மருந்து. கீழுதட்டுக்குப் போகும் நரம்பு எலும்பிலிருந்து வெளிவரும் துளையில் லிக்னோகெய்ன் போட்டு மரக்கவைக்கிறார்கள். நம் பல் டாக்டர் போடுகிற அதே மருந்து. காயத்தைக் கழுவி, மண், அழுகிய தீவனம், உதிர்ந்த எலும்புச் சில்லு எல்லாவற்றையும் எடுத்த பிறகு, உடைந்த முன்துண்டைத் தூக்கிச் சரியான இடத்தில் பொருத்தி, முறிவுக்கு முன்னால் இருக்கும் பல்லையும் பின்னால் இருக்கும் பல்லையும் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியால் சுற்றி முறுக்கி இறுக்குகிறார்கள். பற்களே ஆணிகளாக மாறிவிடுகின்றன. கம்பி மட்டும் போதாத இடத்தில் லாட வடிவத்தில் வளைத்த உலோகக் கம்பியைப் பல்வரிசையோடு சேர்த்துக் கட்டுவது, எலும்பில் துளை போட்டுக் கட்டுவது, தகடு வைப்பது என்று வேறு வழிகளும் உண்டு.

பல்லோடு பல்லைக் கட்டுவது புதிய யோசனை இல்லை. மனிதத் தாடை உடைந்தால் பற்களைத் தங்கக் கம்பியால் கட்டச் சொல்லி ஹிப்போகிரட்டீஸ் பெயரிலான நூலிலேயே இருக்கிறது. 1887-இல் அமெரிக்காவின் தாமஸ் கில்மர் மேல்பல்லையும் கீழ்பல்லையும் சேர்த்துக் கட்டி, வாயையே பூட்டி, தாடையை ஆறவைக்கும் முறையைக் கொண்டுவந்தார். அதை ஒட்டகத்துக்கு அப்படியே காப்பி அடிக்க முடியாது. ஒன்று, மேலே முன்பக்கம் கட்டுவதற்குப் பல்லே இல்லை. இரண்டு, வாயைப் பூட்டினால் அசைபோடுவது எப்படி? மனிதன் ஆறு வாரம் ஸ்ட்ரா வைத்துக் குடித்துக்கொள்வான். ஒட்டகம் நாள் முழுக்க மென்றாக வேண்டும். எனவே கீழ்த்தாடையை அதன் மேலேயே கட்டி, வாய் அசைந்துகொண்டிருக்கும்போதே எலும்பு கூட வேண்டும். ஓடுகிற சிஸ்டத்தை நிறுத்தாமல் பழுதுபார்ப்பது என்று எங்கள் ஆபீஸ் மொழியில் சொல்வேன்.

கம்பி கட்டி முடிந்ததும் டாக்டரின் வேலை குறைந்துவிடுகிறது. ஒன்றரை இரண்டு மாதம் உழைக்கிறவர் ஒட்டகக்காரர். மாவுக்கஞ்சி, ஊறவைத்த தீவனம், இளம் தழை. தின்ற பிறகு ஒவ்வொரு முறையும் வாயைக் கழுவிவிட வேண்டும், இல்லாவிட்டால் கம்பியில் சிக்கிய தீவனம் அழுகும். முள் மரம் பக்கம் விடக்கூடாது. வேறு ஆண் ஒட்டகத்தின் கண்ணிலேயே படக்கூடாது. அத்தனை நாளும் வண்டி ஓடாது, வருமானம் கிடையாது. ஆயிரம் ஒட்டகம் வைத்திருக்கும் கர்னல் இதைச் செய்ய மாட்டார்.

மூக்குக் கிழிவைப் பற்றிச் சொன்னேன். ஒட்டகத்துக்குக் கடிவாளம் சரிப்படாது, அசைபோடும் வாயில் இரும்பு வைக்க முடியாது. எனவே மூன்று வயது வாக்கில் மூக்கில் துளையிட்டு ஒரு மரமுளை மாட்டிக் கயிறு கட்டுகிறார்கள். என்னோடு வேலை செய்யும் ஜோத்பூர்க்காரரிடம் நம் ஊர் மூக்கணாங்கயிற்றை விளக்கியபோது, "சார், அதுதான் எங்கள் நக்கேல்" என்றார். முரட்டுத்தனமாக இழுத்தால் முளை சதையைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். கிழிந்த ஓரங்களைச் சீவிப் புண்ணாக்கித் தைத்தால்தான் ஒட்டும். புதுத் துளை வேறு இடத்தில் போட வேண்டும். துல்லா, தாடை இரண்டும் ஒட்டகம் ஒட்டகத்துக்குச் செய்வது. இது முழுக்க முழுக்க நாம் செய்வது.

ஒட்டக வாயில் கத்தியும் ஊசியும் வைப்பதற்கு இப்போது வேறு காரணங்களும் வந்துவிட்டன. சவூதி அரேபியாவில் மன்னர் அப்துல் அஜீஸ் ஒட்டக விழாவில் அழகுப் போட்டி நடக்கும். தொங்கும் பெரிய உதடு அழகு. 2018-இல் உதட்டில் போடாக்ஸ் ஊசி போட்ட 12 ஒட்டகங்களை வெளியேற்றினார்கள். 2021-இல் உதட்டை உப்ப வைத்தது, முகத்தை மாற்றியது என்று 40-க்கு மேல். செய்தியாகப் படித்தால் வேடிக்கை. கோடிக்கணக்கில் பரிசு உள்ள இடத்தில் ஒட்டகத்தின் வாய்க்குச் செலவு செய்ய ஆள் இருக்கிறது.

பீகானேரில் நிலைமை தலைகீழ். 2012-இல் இந்தியாவில் சுமார் 4 லட்சம் ஒட்டகங்கள். 2019 கணக்கெடுப்பில் இரண்டரை லட்சம், அதில் 2.13 லட்சம் ராஜஸ்தானில். 2014-இல் ராஜஸ்தான் அரசு ஒட்டகத்தை மாநில விலங்காக அறிவித்தது. 2015-இல் வெட்டத் தடையும் வெளிமாநிலம் கொண்டுபோகக் கட்டுப்பாடும் போட்டுச் சட்டம் வந்தது. காப்பாற்றத்தான் போட்டார்கள். விற்க முடியாத விலங்கை யார் வாங்குவார்கள்? புஷ்கர் சந்தையில் ஆண் ஒட்டகத்தின் விலை சரிந்தது. மினி டிரக் வந்து வண்டி வேலையும் போனது. ஒட்டகம் வளர்க்கும் ராய்க்காக்களின் பிள்ளைகள் நகரத்துக்கு வேலை தேடிப் போகிறார்கள். தாடை தொங்கும் ஒட்டகத்தை நூறு கிலோமீட்டர் லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து, கம்பி கட்டி, இரண்டு மாதம் கஞ்சி ஊட்டினால், கடைசியில் கையில் இருப்பது விலை போகாத விலங்கு. ஒரே ஒட்டகம் வைத்திருப்பவரும் இனி கர்னல் மாதிரி கணக்குப் போட வேண்டியதுதான். அவரிடம் அடுத்ததை வாங்கப் பணம் இருக்காது என்பது மட்டும்தான் வித்தியாசம்.

ஸ்டீலின் இன்னொரு மதராஸ் புத்தகமான யானை நூலைப் பாதி படித்திருக்கிறேன். யானைக்கு வாழ்நாளில் ஆறு முறை கடைவாய்ப்பல் மாறும், ஆறாவது தேய்ந்தால் அதற்கும் பட்டினிதான். முடித்ததும் எழுதுகிறேன்.